மஞ்சள் துடைத்த பிறகும்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எது வந்தாலும் முதலில் கெட்டதைத்தான் நினைப்பேன். கழுத்தில் பொடிப்பொடியாகத் தடித்தபோது தொழுநோய் என்றே முடிவுகட்டி, என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

பல்லடத்தில் கோழிக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு அது வேடிக்கை. “ஏம்புள்ள, உன்ற கழுத்து முடி புடுங்குன கோழியாட்டமல்ல இருக்குது!”

“அப்பறம் என்னங்க, வெட்டி வித்துப்போடுங்க.”

தாலிக்கொடி உரசி வந்த அலர்ஜி என்றார்கள் அக்கம்பக்கத்தில். கொடியைக் கழற்ற மனசு வரவில்லை. குளித்ததும் கழுத்து நிறைய மஞ்சள் பூசினேன். மாதக்கணக்கில் பூசியும் போகவில்லை. அக்குளிலும் தோல் தொளதொளத்தது.

கடைசியில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு என் கழுத்தைத் துடைத்தார். பூசிய மஞ்சளெல்லாம் பஞ்சோடு போனது. தடிப்புகள் மட்டும் மஞ்சளாகவே நின்றன.

“ஏனுங்கம்மா, கண்ணு நல்லாத் தெரியுதுங்களா?”

“கழுத்தைக் காட்ட வந்தனுங்க, கண்ணைக் கேக்கறீங்க?”

வீட்டுக்காரர் குறுக்கே புகுந்தார். “கோழித்தோலாட்டம் இருக்குதுன்னு நான் அப்பவே சொன்னனுங்க.”

நான் முறைத்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. “எங்க புஸ்தகத்துலயும் அப்படித்தானுங்க போட்டிருக்குது.”

இழுத்த தோலைத் திரும்பச் சுருங்க வைக்கும் நார்களில் சுண்ணாம்பு படிகிற அபூர்வ நோயாம். பிறப்பிலேயே உடம்பில் இருப்பது, யாருக்கும் ஒட்டாது. அன்றைக்கே என் தட்டு மற்ற தட்டுகளோடு சேர்ந்தது. ஆனால் அதே நார் கண்ணுக்குள்ளும் இருக்கிறதாம். அங்கே விரிசல் விட்டு ரத்தம் கசிந்தால் நடுப்பார்வை போய்விடுமாம். தோலில் துளி எடுத்துச் சோதித்து உறுதிசெய்தவர், கண் டாக்டரிடமும் அனுப்பினார்.

விரிசல் இருந்தது. கசிவு இன்னும் இல்லை. கட்டம் போட்ட அட்டை ஒன்றைத் தந்து, தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார் கண் டாக்டர். கோடு வளைந்து தெரிந்தால் உடனே வர வேண்டும். ஊசி போட்டுப் பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

நோயை அடியோடு போக்க மருந்தில்லை. என் பயமும் போகவில்லை. சில நாள் கோடு வளைந்தது போலிருக்கும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். “எனக்கு நேராத்தான் தெரியுது புள்ள. உன்ற கண்ணுல நான் எப்படிப் பாக்கறது?” என்பார். நிதானித்து மறுபடி பார்ப்பேன். நேராகத்தான் இருக்கும். கழுத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கண்ணையும் கேட்ட அந்த டாக்டரம்மாவுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அரிசி களையப் போவேன்.