மாமா ஊற்றிய தண்ணீர்

மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும். அம்மாவுக்கு அண்ணன், டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயம். பசுமலையில் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஒழுகும் குழாயை இறுக்குவார், ஆடும் கட்டிலைச் சரிசெய்வார். ஒரு கோடை விடுமுறையில் அம்மாவின் ஆராய்ச்சியையும் அப்படித்தான் சரிசெய்தார்.

அம்மா கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. பிஎச்.டி. பட்டத்துக்காக மாடியில் தொட்டிகளில் நெல் வளர்த்தாள். பாதித் தொட்டிகளுக்குத் தண்ணீர் உண்டு, மீதிக்குக் கிடையாது. காலையில் இரண்டிலிருந்தும் இலை பறித்து, உடனே உறையவைத்து, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவளுடைய பட்டமே அந்த இலைகளை நம்பித்தான் இருந்தது.

இலை பறிக்க வேண்டிய அன்று, விடிந்ததும் மாடிக்குப் போன மாமா, காய்ந்த தொட்டிகளைப் பார்த்திருக்கிறார். மனசு கேட்கவில்லை. நாங்கள் போனபோது, சுருண்டு கிடந்த இலைகளெல்லாம் விரிந்து நின்றன.

"ஏத்தா, இந்தப் பக்கத்துக்கு ஊத்த மறந்துட்ட போல. நானே ஊத்திட்டேன்" என்றார் பெருமையாக.

அம்மா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை.

"வேணும்னுதாண்ணே காயப்போட்டேன். ரெண்டும் ஒரே வெத, உள்ள இருக்க ஜீனெல்லாமும் ஒண்ணுபோலத்தான். தண்ணி இல்லாதப்ப அதுல எது எது வேலை பாக்குது, எது எது ஓஞ்சு கெடக்குதுன்னு ஒண்ணு விடாம பாக்கணும். இலைய அரைச்சுப் பாத்தாத் தெரியும். தண்ணி பட்டதும் எல்லாம் மாறிப்போயிருக்கும்."

"அம்புட்டு சீக்கிரமாவா?"

"ஆமாண்ணே."

எல்லா ஜீனும் எப்போதும் வேலை பார்க்காதா என்று நான் இடையில் புகுந்து கேட்டேன். "நம்ம வீட்டுல மட்டும் எல்லாருமா வேலை பாக்குறோம்? விருந்தாளி வந்தா ஒருத்தர் எந்திரிப்பாரு, கரண்டு போனா இன்னொருத்தர் எந்திரிப்பாரு. அப்படித்தான்" என்றாள் அம்மா. மாமா முகம் சுண்டிப்போய், வெறும் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா மறுபடி விதைத்தாள். பயிர் வளர்ந்து, தண்ணீரை நிறுத்தும் நாள் வந்ததும், மாமா கூப்பிடாமலே பையோடு வந்து இறங்கினார்.

"நான் காவலுக்கு இருக்கேன். அக்கம்பக்கத்துல யாராச்சும் எரக்கப்பட்டு ஊத்திருவாக."

எங்கள் மாடிக்கு அக்கம்பக்கத்தார் வர வழியே கிடையாது. இருந்தாலும் அம்மா சரி என்றாள்.

மாடியில் நாற்காலியைப் போட்டு, தொட்டிகளுக்கு முதுகைக் காட்டியபடி, எதிரே தெரிந்த மலையையே பார்த்துக்கொண்டு பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்தார். பின்னால் இலைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. காவலுக்கு வந்தவர் செடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று நான் ஓடிப்போய் அம்மாவிடம் கோள் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குக் காப்பி கொண்டுபோகச் சொன்னாள். நல்ல காவல்காரர்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே நான் படியேறினேன்.