பிரிக்ஃபீல்ட்ஸில் மீசை இல்லாத மாப்பிள்ளை

மலாயாவின் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் நான் இறங்கியது ஒரு வியாழக்கிழமை காலை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, திறந்த மேல்தட்டிலேயே படுத்துப் பினாங்கு வழி வந்து சேர்வதற்குள் சோற்றின் மேலிருந்த ஆசையே போய்விட்டது. ஊர் பார்க்க வந்தவன் அல்ல நான். ஒரு மனிதனைப் பார்க்க வந்தவன்.

அந்த மனிதர் என் தங்கை பர்வதத்தின் புருஷன் நடேசன். கோலாலம்பூர் ரயில் பட்டறையில் பிட்டர் வேலை. முன்பெல்லாம் விடுப்பு கிடைத்ததும் ஓடி வருவார். ஐந்து வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. பணம் மட்டும் ஒழுங்காக வந்தது. புறப்படுகிற அன்று பர்வதம் என்னிடம் சொன்னாள்: "அங்க ஒருத்தி இருந்தா இருக்கட்டும்ண்ணே. தெரிஞ்சுட்டா நான் அழுது முடிச்சுடுவேன். நீங்க ஆளைக் கூட்டிட்டு வாங்க, இல்லேன்னா உண்மையைக் கொண்டுட்டு வாங்க. ரெண்டுல ஒண்ணு இல்லாம வந்துடாதீங்க."

அவள் சரியான ஆளைத்தான் அனுப்பினாள். நான் ஜவுளிக்கடையில் சரக்குப் பார்த்து எடுக்கிறவன். சாயம் போகாது என்று சத்தியம் செய்யும் துணியை முதலில் நனைத்துப் பார்ப்பேன். மனிதர்களிடமும் அதே வழக்கம்தான். மனிதன் எதற்காகப் பிறக்கிறான் என்று என்னைக் கேட்டிருந்தால், ஏமாறாமல் சாவதற்கு என்று சொல்லியிருப்பேன்.

கரையில் நின்ற மாப்பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் என் பெட்டியைப் பிடித்தார். தலையில் அரையங்குல முடி. அவருடைய பெரிய மீசை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை தலையும் மீசையும் எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாருக்கோ கொள்ளி வைத்திருக்கிறார். அவருடைய அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மாவோ என்னைக் கப்பலுக்கு வழியனுப்பி வைத்தவள்.

"அம்மா நல்லா இருக்காங்களா மச்சான்?" என்றார்.

"கல்லாட்டம் இருக்காங்க. மீசை எங்கே மாப்பிள்ளை?"

"எடுத்துட்டேன்."

"வெயிலுக்கா?"

"இங்க எப்பவும் வெயில்தானே" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இது நனைத்துப் பார்க்க வேண்டிய துணி என்று அப்போதே முடிவு செய்தேன். இங்கே ஒரு குடும்பம் இருக்கிறது, அந்தக் குடும்பத்தில் ஒரு சாவும் விழுந்திருக்கிறது என்று என் மனம் கதையை மடமடவென்று நெய்துவிட்டது.

கோலாலம்பூர் அங்கிருந்து இருபத்தேழு மைல். மூன்றாம் வகுப்பில் ஏறினோம். ஐந்து மைல் போனதும் கிள்ளான் வந்தது. வண்டி நின்றதும் ஒரு பெண் ஜன்னல் ஜன்னலாகத் தேடிக்கொண்டு வந்தாள். நம் ஊர்க்காரிதான். நெற்றியில் பொட்டு இல்லை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. மாப்பிள்ளையைக் கண்டதும் இரண்டு சீப்பு வாழைப்பழத்தை உள்ளே நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சுண்ணே" என்றாள். மாப்பிள்ளை குழந்தையின் தலையைத் தொட்டார். வண்டி நகர்ந்தது.

அண்ணே என்கிறாளே என்று நீங்கள் கேட்கலாம். என்னைப் பார்த்த பிறகுதான் அப்படிக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. பழத்தை நான் தொடவில்லை. இரு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நின்றன. பால் உறையும் புளித்த வாடை வண்டிக்குள் வந்தது. பிறகு ஈயம் தோண்டிய மணல்மேடுகளும் குட்டைகளும். எல்லாவற்றையும் பார்த்தேன், எதிலும் மனம் நிற்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வேக்காரர்களின் ஊர். செங்கல் சூளைக்காரர்களும் மாட்டுவண்டிக்காரர்களும் ஓரங்களில் இருக்கிறார்கள். நடுவே வரிசை வரிசையாக ரயில்வே வீடுகள். இங்கே தமிழிலேயே பேசி, தமிழிலேயே சண்டை போட்டு, நம் ஊர்க் காப்பியும் குடிக்கலாம். மாப்பிள்ளையின் வீடு ஓர் அறையும் சமையலிடமும். அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் சோதனை போட்டேன். வெட்கப்படவில்லை, அதற்குத்தானே வந்திருக்கிறேன். சீப்பில் நீள முடி இல்லை. தட்டு ஒன்று, பாய் ஒன்று. ஆனால் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி நிறைய வெள்ளைக் கோடித் துணி. கஞ்சி போகாத மட்டத் துணி. அளவு கையில் பிடித்ததுமே தெரிந்தது, வேட்டிக்கும் ஆகாது, சட்டைக்கும் ஆகாது. மூலையில் புது மண்குடங்கள் கவிழ்த்து வைத்திருந்தன. இன்னொருத்தி என்ற கதையை அவிழ்த்துவிட்டு மந்திரவாதம் என்று வேறு கதை நெய்யத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை பட்டறைக்குப் போனதும் நான் துப்பு விசாரிக்கக் கிளம்பினேன். தெருமுனையில் காதர் பாயின் சாப்பாட்டுக்கடை. நாகூர்க்காரர், கடலோர மனிதர் என்ற உறவில் தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார். இலவசமாகக் கிடைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று சென் காசை மேஜையில் வைத்துவிட்டுப் பேச்சை வளைத்தேன்: கடல் தாண்டி வந்து இப்படி உழைக்கிறோமே, எதற்காக?

"வயித்துக்கு ஒரு வேலை, ஆண்டவனுக்கு ஒரு வேலை" என்றார் பாய், தேநீரை உயரத்திலிருந்து ஆற்றிக்கொண்டே. "ரெண்டையும் செஞ்சுட்டு ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏறிட்டா முடிஞ்சுதுலா மனுசன் பொழப்பு. ஒங்க நடேசன் அண்ணனைப் பாருங்க, என் கடை ஆட்டுக்கறின்னா உசுரு. ஆனா சாப்பிட முடியுதா பாவம். எப்பப் பாத்தாலும் விரதம்."

"என்ன விரதம்?"

பாய் என் முகத்தைப் பார்த்தார். "அவர்ட்டயே கேட்டுக்குங்க" என்று அடுத்த குவளைக்குப் போய்விட்டார்.

எதிர்வீட்டில் தம்பையா என்ற யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வே குமாஸ்தா. சாய்வு நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுத் தாம் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கு வாழ்க்கையின் பொருள் அச்சடித்தாற்போலத் தெளிவாக இருந்தது. "பென்சன் வரவேணும். ஊரில ஒரு கல்வீடு. மகன் டொக்டராக வேணும். பிறகு நாற்காலியில இருந்து தேவாரம் பாட வேணும். வேற என்ன கிடக்குது சொல்லுங்கோ?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கட மச்சான் நல்ல மனிசன்தான். ஆனா கோயிலுக்குள்ள அவரைக் காண ஏலாது. வாசலில நிண்டு கும்பிட்டுட்டுப் போவார். என்னெண்டு நான் கேக்கிறேல்ல."

ஒருவர் நாக்கைப் பூட்டிக்கொள்கிறார், இன்னொருவர் கேட்பதில்லை. ஊரே சேர்ந்து எனக்கு ஒரு திரை போட்டிருக்கிறது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "மாப்பிள்ளை, அடுத்த புதன்கிழமை கப்பலுக்கு ரெண்டு பேருக்கும் இடம் சொல்லி வெச்சிருக்கேன். வரீங்களா, இல்ல பர்வதத்துக்கு நான் என்ன சொல்லணும்னு சொல்லிடுங்க."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "வரணும்னுதான் இருக்கு மச்சான். நாளைக்கு ஓர் இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் ரிக்‌ஷாவில் பத்து சென் கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீளமான வார்டின் கடைசிக்கு முந்தின கட்டிலில் வேலு என்ற ஆள் கிடந்தார். தண்டவாளம் போடும் கும்பலில் இருந்தவர். நெஞ்செலும்பு எண்ணும்படி இருந்தது. மாப்பிள்ளை ஓடிக்கலோனில் துணியை நனைத்து அவர் நெற்றியில் போட்டார். வேலு என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை, என் சொந்தப் பார்வை. என்னைத் துளிக்கூட அவர் நம்பவில்லை.

"இவரைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்திருக்கீங்க?" என்றார்.

நான் அவர் காலடியில் நழுவிக் கிடந்த கம்பளியைப் பார்த்தேன்.

"நான் போறவரைக்கும் விட்டு வைங்க. ரொம்ப நாள் புடிக்காது. காட்டை வெட்டினேன், சல்லி கொட்டினேன், எதுக்குப் பொறந்தோம்னு ஒண்ணும் வெளங்கல. வெளங்காமலே போறேன், பரவால்ல. ஆனா கேக்க ஆளில்லாத பொணம்னு குழியில தள்ளிடக்கூடாது. இவரு வாக்குக் கொடுத்திருக்காரு."

வெளியே மரத்தடியில் மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். ஐந்து வருஷத்துக்கு முன் பட்டறையில் கூட வேலை செய்தவர் ஒருவர் செத்துப்போனார். உறவென்று யாரும் இல்லை. இவர் மகன் ஸ்தானத்தில் நின்று குடம் உடைத்துக் கொள்ளி வைத்தார். செய்தி பரவியது. சாகப்போகிறவர்கள் கூப்பிட்டனுப்பினார்கள். கிள்ளானில் பார்த்த பெண்ணின் புருஷனுக்கும் இவர்தான் வைத்தார், அவளுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தவன் பதினாறாம் நாள் கருமாதி வரை தீட்டுக் காக்க வேண்டும். கோயில் கூடாது, கறி கூடாது, கடல் பயணம் கூடாது. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று வந்துவிடுகிறது. கடைசியாகச் செய்ததற்குப் போன வாரம்தான் கருமாதி முடிந்தது, இப்போது வேலு.

"அரைகுறையாச் செஞ்சா அது அப்பனுக்குச் செஞ்சதா ஆகாது மச்சான். தீட்டோட வீட்டுக்குள்ள எப்படி வர்றது?"

"ஊருக்கு எழுதியிருக்கலாமே."

"எந்த ஜாதின்னு கேக்காமக் கொள்ளி வெச்சேன்னு எழுதவா? அம்மா கெணத்துல விழுந்துடும். பர்வதத்தைத் தண்ணியெடுக்க விடமாட்டாங்க."

எனக்குக் கோபம் பொங்கியது. "செத்தவனுக்கெல்லாம் மகனா இருக்கீங்க. உயிரோட இருக்கறவளுக்குப் புருஷனா யாரு இருக்கிறது? அவ என்ன, செத்தாத்தான் திரும்பிப் பார்ப்பீங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் ஓர் ஆண்பிள்ளையை அழவைத்துவிட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலு இறந்துபோனார். காதர் பாய் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்தார். தம்பையா குடையோடு வந்தார். பெட்டியிலிருந்த கோடித் துணியை மாப்பிள்ளை எடுத்து விரித்தார். நான் மனதுக்குள் புதன்கிழமையை நினைத்தேன். இவர் குடத்தைத் தோளில் ஏற்றிவிட்டால் இந்தக் கப்பல் போச்சு. அடுத்த கப்பலுக்குள் இன்னொரு கட்டிலிலிருந்து ஆள் வரும். பர்வதத்துக்கு உண்மையைக் கொண்டுபோகலாம்தான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவள் அழுதும் முடிக்க முடியாது, சிரித்தும் முடிக்க முடியாது.

சுடுகாட்டில் நாவிதர் கத்தியைத் தீட்டினார். மாப்பிள்ளை உட்காரப் போனார். நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"நான் உக்கார்றேன்."

"மச்சான், உங்களுக்கு இது..."

"என்னை அப்பன் ஆத்தா விட்டுட்டுப் போயாச்சு. எனக்குத் தோஷமில்ல. நீங்க தள்ளி நில்லுங்க, தீயைத் தொடாதீங்க. ஊட்டுக்குப் போய்த் தலை முழுகிட்டுப் புதன்கிழமை கப்பல் ஏறுங்க."

புண்ணியம் தேடி இதைச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தங்கையின் புருஷனைக் கப்பலேற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. மீசையில் கத்தி பட்டபோது, என்னை இதில் மாட்டிவிடத்தான் எல்லாரும் சேர்ந்து திட்டம் போட்டார்களோ என்றுகூட நினைத்தேன். வேலு என்ன ஜாதி என்று கேட்க நாக்கு வரை வந்தது. யாருக்கும் தெரியாது என்பது நினைவு வந்து விழுங்கினேன். குடத்தோடு மூன்று சுற்று வந்தேன். கண்ணீர் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. என் அப்பாவுக்கு அவ்வளவு அழவில்லை.

புதன்கிழமை அதே ரயிலில் திரும்பினோம். மாப்பிள்ளையின் கையில் பெட்டி, என் கையில் வேலுவின் சாம்பல் கட்டிய கலயம். கிள்ளானில் அந்தப் பெண் வந்தாள். ஊருக்குப் போகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னதும் முதலில் சிரித்தாள், பிறகு என் தலையைப் பார்த்துவிட்டுப் பழத்தை என்னிடம் நீட்டினாள். இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன். துறைமுகத்தில் சாம்பலைக் கடலில் கரைத்தேன். மாப்பிள்ளை ஏணியில் ஏறி, மேல்தட்டில் நின்று கை காட்டினார். நாகப்பட்டினத்தில்தான் இறங்குவாரா, பினாங்கிலேயே யாராவது செத்துப் பிடித்துக்கொள்வார்களா என்று சந்தேகப்பட்டேன். கப்பல் கண்ணுக்கு மறையும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

இறங்கிவிட்டார். பர்வதம் தந்தி அடித்திருந்தாள்.

நான் கருமாதி வரை பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினேன். காதர் பாய் கடையில் மரக்கறிச் சோறு, தம்பையா வீட்டுச் சாய்வு நாற்காலி. நாகப்பட்டினத்தில் என் வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு யார் கொள்ளி வைப்பது என்று நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. அதைப் பெரிய சொத்து என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கருமாதி முடிந்து, மறுநாள் கப்பலுக்குப் பெட்டி கட்டிய பிறகு, வேலுவின் கம்பளி ஒன்று ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சொன்னார்கள். எடுக்கப் போனேன். கடைசிக் கட்டிலில் இருந்தவர் என் மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"அண்ணே, அந்த ஆள் இப்ப நீங்கதானா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உங்க பேரென்ன?" என்று கேட்டுவிட்டேன்.

பெட்டியை அவிழ்த்துவிட்டேன். கப்பல் தவறிவிட்டது, உடம்பு சரியில்லை என்று என் மனைவிக்குச் சேதி அனுப்பினேன். அவள் நம்பமாட்டாள். மலாயாவில் யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் முடிவு கட்டுவாள். அவளுக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். என்னைவிடச் சந்தேகக்காரர். அடுத்த கப்பலில் அவர் வந்து இறங்கினால், கரையில் நிற்கிற என்னைப் பார்த்ததும் முதலில் மீசையைப் பற்றித்தான் கேட்பார்.