கூடுதலாக எடுத்த நாற்பது தௌ

ஆட்காட்டி விரல் துவாரத்துக்குள் இரண்டாவது கணு வரை போகிறது. விரல் நுனி உட்சுவரை ஒட்டியபடி மெதுவாக ஒரு சுற்று வந்து ஓரிடத்தில் நிற்கிறது. திரும்பவும் அதே இடத்துக்கு வருகிறது. அங்கே ஒரு சின்ன மேடு. டார்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியாது. மறு கை பெஞ்சைத் தடவி, மூங்கில் குச்சியில் சுற்றிய உப்புத்தாளை எடுத்து மண்ணெண்ணெயில் நனைக்கிறது. குச்சி உள்ளே போய்ப் பத்துப் பன்னிரண்டு தடவை தேய்த்து வருகிறது. பிறகு துணி. பிறகு மறுபடி விரல். இந்த முறை விரல் எங்கேயும் நிற்கவில்லை.

கைகளுக்குச் சொந்தக்காரர் அப்பாத்துரை. பாளையங்கோட்டையில், முருகன்குறிச்சிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. 1994-ஆம் வருஷம் ஜூன் மாதம் அவர் பெஞ்சின் மேல் இருந்தது ஒரு ஃபியட் காரின் சிலிண்டர் ஹெட். எஞ்சினுக்கு மேல்மூடி போன்றது அது. பெட்ரோல் காற்றோடு கலந்து உள்ளே வருவதும் எரிந்து வெளியே போவதும் அதன் துவாரங்கள் வழியாகத்தான். துவாரம் சீராக இருந்தால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும். அதன் அடியில் உள்ள நான்கு குழிகளும் சிறிதாகவும் ஒரே அளவாகவும் இருந்தால் இழுவை கூடும். ஆனால் ரொம்பச் சிறிதாகிவிட்டால் பெட்ரோல் வேளை வருமுன்னே வெடித்து, பிஸ்டனைப் பொத்தலாக்கிவிடும்.

இதையெல்லாம் அவராகத்தான் தெரிந்துகொண்டார். பஸ் கம்பெனி ஒன்றில் பதினொரு வருஷம் வால்வு வேலை பார்த்தார். பிறகு பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய உடைந்த ஃபியட் ஹெட் ஒன்றை ஹாக்சா பிளேடால் ரொட்டி அறுப்பதுபோல் பதினான்கு துண்டாக அறுத்தார். எந்த இடத்தில் சுவர் எவ்வளவு கனம், தண்ணீர் ஓடும் வழி எங்கே நெருங்கி வருகிறது என்று ஒவ்வொரு துண்டையும் அளந்து, நம்பர் போட்டு, அலமாரியில் வரிசையாக வைத்தார். குழிகளின் கொள்ளளவை அளக்க, மனைவி சாலோமி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து ரசாயனக் கூடத்தில் கழித்துப் போட்ட பியூரெட் என்ற அளவுக்குழாய் ஒன்று இருந்தது. குழியின் மேல் துளையிட்ட கண்ணாடித் தகட்டைக் கிரீஸால் ஒட்டி, துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு, எத்தனை சி.சி. பிடிக்கிறது என்று குறித்துக்கொள்வார். திருநெல்வேலிப் பக்கத்தில் வேறு யாரும் இப்படி அளந்ததில்லை.

கார், களக்காட்டு வாழை வியாபாரி சங்கிலிபூதத்தானுடையது. வருஷத்தில் இரண்டு தடவை அவர் அதை மெட்ராசுக்கு இந்தப் பக்கம் உள்ள பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோவார். பந்தயக்காரர் அல்லாதவர்களும் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க கிளப் அனுமதிக்கும் நாட்கள் உண்டு. பின் சீட்டு, கதவுத் துணி, கேரியர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு அடித்திருந்தார். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தியிருந்தார். வாழைத்தார் லாரிக்காரர்கள் அதைப் பார்த்து, “அண்ணாச்சிக்கு வேண்டாத வேலை” என்று சிரிப்பார்கள்.

எஞ்சின் வேலையில் இரண்டு பேர் உண்டு. ஹெட் அப்பாத்துரையுடையது. அதை வண்டியில் பூட்டி, கார்புரேட்டரும், பிளக்கில் பொறி விழும் நேரமான டைமிங்கும் சரிசெய்வது திருநெல்வேலி டவுணில் ஷெட் வைத்திருக்கும் தளவாய். தளவாயிடம் அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டு திருகைத் திருகுவார். இருபது நிமிஷம். எஞ்சின் பாட ஆரம்பித்துவிடும். சுற்றி நிற்கிறவர்கள் கைதட்டாத குறைதான்.

போன வருஷம் அந்தக் கார் தன் வகையில் எல்லாவற்றையும்விட வேகமாகச் சுற்றி வந்தது. மாலைப் பத்திரிகையில் படம் வந்தது. கார், பூதத்தான், பானெட் மேல் கை ஊன்றியபடி தளவாய். காரின் பின் கண்ணாடியில் சிவப்புப் பெயிண்டில் ‘தளவாய் டியூனிங், டவுண்’ என்று எழுதியிருந்தது. அப்பாத்துரை மூன்று வாரம் குடைந்த வேலை எட்டு போல்ட்டுக்கு அடியில் இருந்தது. படம் வந்த மறுநாள் டீக்கடையில் ஒருவர் கேட்டார்:

“அண்ணாச்சி, நீரு இப்ப தளவாய்கிட்டயா வேல பாக்கீரு?”

அப்பாத்துரை டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவையாவது சைக்கிளில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுணுக்குப் போக ஆரம்பித்தார். தளவாய் ஷெட்டைக் கடக்கும்போது மட்டும் மெதுவாக மிதிப்பார். வாசலில் எத்தனை கார் நிற்கிறது என்று எண்ணுவார். நான்கு. அடுத்த வாரம் ஏழு. ஒருநாள் தூத்துக்குடி நம்பர் போட்ட புதுக் கார்கூட நின்றது. திரும்பி வரும்போது வெறுங்கையோடு வரக்கூடாது என்று காய்கறி வாங்கி வருவார்.

“பாளையங்கோட்ட மார்க்கெட்டுல கத்தரிக்கா கெடைக்கலன்னா பாலம் தாண்டிப் போறீங்க?” என்று சாலோமி கேட்டார். “அங்கன என்ன, காம்பு நீளமா இருக்குமோ?”

“வெல கொறவு.”

“தளவா ஷெட்டுல எத்தன காரு நின்னுது? அதச் சொல்லுங்க, கத்தரிக்காய நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்தார். ஏழு என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்த ஜூனில் பூதத்தான் ஹெட்டைத் திரும்பவும் கொண்டுவந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, குழி ஒவ்வொன்றும் முப்பத்தைந்து சி.சி. இருக்கும்படி அடிப்பக்கத்தைச் சீவுவது என்று முடிவு செய்தார்கள். அதற்கு மேல் சிறிதாக்கினால் பெட்ரோல் தாங்காது என்று சொன்னதே அப்பாத்துரைதான். வெள்ளிக்கிழமை காலை ஹெட்டைப் பேட்டையில் உள்ள கிரைண்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனார். சொன்ன அளவுக்குச் சீவி முடித்துவிட்டு, மிஷின்காரர், “போதுமா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

அந்த நிமிஷம் அப்பாத்துரைக்கு எட்டு போல்ட்டும் சிவப்புப் பெயிண்டும் நினைவுக்கு வந்தன. வண்டி இந்தத் தடவை எந்தக் கார்புரேட்டராலும் கொடுக்க முடியாத இழுவையோடு போக வேண்டும். கியரை மாற்றின உடனே பூதத்தானே, ‘இது ஹெட்டு வேல’ என்று சொல்ல வேண்டும்.

“இன்னும் நாப்பது தௌ எடும்” என்றார்.

ஒரு தௌ என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாற்பது தௌ என்றால் ஒரு மில்லிமீட்டர், அவ்வளவுதான். மத்தியானம் வீட்டுக்கு வந்து கண்ணாடித் தகட்டை ஒட்டி மண்ணெண்ணெய் விட்டார். முப்பத்திரண்டு. அடுத்த குழியும் முப்பத்திரண்டு. நான்கையும் இரண்டு தடவை அளந்தார். பியூரெட்டில் தப்பில்லை. இந்த ஹெட்டை மாட்டினால் மூன்று சுற்று பறக்கும், நான்காவது சுற்றில் பிஸ்டன் பொத்தலாகும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு ஹெட்டை அதிகமாகச் சீவியதில்லை.

பெஞ்சின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் இன்னொரு நினைப்பு வந்தது. பிஸ்டன் பொத்தலானால் ஊர் யாரைச் சொல்லும்? பெட்ரோல் கலவை வைத்தவனை, டைமிங் வைத்தவனை. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அதுதான் வழக்கம். ஹெட் செய்தவனை ஒருவரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அவன் இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. மெட்ராசில் அத்தனை பேர் முன்னால் பானெட்டைத் திறந்துகொண்டு தளவாய் விழித்து நிற்பதை நினைத்துப் பார்த்தார். பின் கண்ணாடியில் அந்தச் சிவப்பு எழுத்து. அந்தக் காட்சி அவருக்குப் பிடித்திருந்தது. திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தளவாயே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“என்ன வே, பிள்ள பொறந்துட்டா?”

“வியாழக்கிழமன்னு சொல்லிருக்கேம்லா.”

“எந்த மாசத்து வியாழக்கிழமன்னு கேக்கத்தான் வந்தேன்.” தளவாய் சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஹெட்டின் மேல் துணி மூடியிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. “எத்தன சி.சி. வருது?”

“பேசுனதுதான்.”

“முப்பத்தஞ்சா?”

“பேசுனதுதான்னு சொல்லுதேன்லா.”

“கோவப்படாதீரும். கேட்டு வச்சுக்கிட்டா டைமிங்க அங்கனயே பூட்டிருவேன். மத்தவன் ஹெட்டுன்னா நாலு தடவ சந்தேகப்பட்டு, பைய பைய ஏத்தணும். உம்ம ஹெட்டுக்குக் கண்ண மூடிட்டு வைக்கலாம்.”

சாலோமி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, “அக்கா, கத்தரிக்கா கொழம்பு மணக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். சந்து முனையில் இரண்டு பேர் அவரை நிறுத்திப் பேசுவது கொட்டகையிலிருந்து தெரிந்தது. இந்தச் சந்தில் இருபது வருஷமாக இருக்கும் அப்பாத்துரையை அப்படி யாரும் நிறுத்திப் பேசியதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு வைப்பானாம். அந்த வார்த்தைதான் ரொம்ப உறுத்தியது. சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

சாயங்காலம் வரை அந்த மெட்ராஸ் காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். இந்தத் தடவை அது பானெட்டோடு நிற்கவில்லை. பிஸ்டன் போன எஞ்சினை டவுணுக்குக் கொண்டுவந்து திறப்பது யார்? தளவாய். ஹெட்டைக் கழற்றித் திருப்பிப் பார்ப்பதும் தளவாய்தான். ஊருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும், பார்த்த மாத்திரத்தில். தெரிந்தும் வெளியே சொல்ல மாட்டார். சிரித்துக்கொண்டே, ‘போவட்டும், யாருக்கும் ஒருநாள் கை தவறும்’ என்பார். தளவாய் தன்னை மன்னிப்பதை நினைத்ததும் அப்பாத்துரைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் ஷெட்டில் பத்துக் கார் நிற்கட்டும், இருபது நிற்கட்டும். தன் வேலையைப் பார்த்து அவன் இரக்கப்படக் கூடாது.

ஓடும் வேகத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் பூதத்தான் என்ன ஆவார் என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. பிறகுதான் தோன்றியது என்பது அவருக்கே வெட்கமாக இருந்தது.

சீவியதை ஒட்ட வைக்க முடியாது. ஒரே வழி, குழிகளின் பக்கச் சுவரைக் குடைந்து ஒவ்வொன்றிலும் மூன்று சி.சி. இடம் உண்டாக்குவது. கொஞ்சம் அதிகம் குடைந்தால் தண்ணீர் வழி திறந்துகொள்ளும். ஹெட் பழைய இரும்புக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவே வரும் கேஸ்கட் தகட்டை ஹெட்டின் மேல் வைத்து, ஊசியால் எல்லைக் கோடு கீறி, குடையும் மிஷினைக் கையில் எடுத்தார்.

சாலோமி பைபிளும் கையுமாகக் கொட்டகை வாசலில் வந்து நின்றார். “கோயிலுக்கு மணி அடிச்சாச்சு.”

“நீ போயிட்டு வா.”

“சபை ஐயர் கேட்டா என்ன சொல்ல? ஓட்ட போடுதாருன்னு சொல்லவா?”

“அடைக்கேன்னு சொல்லு.”

மூன்று நாள் குடைந்தார். கொஞ்சம் குடைவது, கழுவுவது, மண்ணெண்ணெய் விட்டு அளப்பது, திரும்பக் குடைவது. அலமாரித் துண்டுகளை எடுத்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மூன்றாவது குழியில் மிஷினின் சத்தம் லேசாக மாறியது. கையை உதறிக்கொண்டு நிறுத்தினார். ஒன்பதாம் நம்பர் துண்டை வைத்துக் கணக்குப் பார்த்தார். அந்த இடத்தில் சுவர் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். மிச்சம் அரை சி.சி.யை எதிர்ப்பக்கத்தில், பிளக் துவாரத்தின் ஓரமாக, உப்புத்தாளால் மட்டுமே தேய்த்து எடுத்தார். அதற்கே ஒரு முழுப் பகல் ஆனது. புதன்கிழமை மாலை ஹெட்டில் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் கொடுத்துக் கசிகிறதா என்று பார்த்தார். கசியவில்லை. நான்கு குழியும் முப்பத்தைந்து.

ஆனாலும் இன்னொன்று மிச்சம் இருந்தது. ஹெட் நாற்பது தௌ கூடுதலாக இறங்கிவிட்டதால், அதன் மேல் உட்கார்ந்து, வால்வை அழுத்தும் ராக்கர்களைத் தாங்கும் கட்டைகளுக்கு அடியில் அதே அளவுக்குத் தகடு வைத்து உயர்த்த வேண்டும். வைக்காவிட்டால் வால்வு நேராக அழுந்தாது. பித்தளைத் தகட்டில் நான்கு துண்டு வெட்டி, துளை போட்டு, மைக்ரோமீட்டரில் பார்த்தார். பூட்டுவது தளவாய். சொல்லாமல் கொடுக்க வழியில்லை.

வியாழக்கிழமை காலை பூதத்தானும் தளவாயும் வந்தார்கள். பூதத்தான் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். “முடிஞ்சுதா அண்ணாச்சி? நாளைக்கு வெள்ளன மெட்ராசுக்குக் கெளம்புதேன்.”

அப்பாத்துரை துணியை எடுத்தார். தளவாய் ஹெட்டைப் புரட்டி, முதல் குழியில் கட்டைவிரலை வைத்துச் சுவரோடு ஓட்டினார். இரண்டாவது. மூன்றாவது குழியில் விரல் நின்றது. திரும்ப ஓட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாத்துரையை நிமிர்ந்து பார்த்தார். இந்த ஊரில் தன் வேலையை விரலால் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான் என்பது அப்பாத்துரைக்கு அப்போது தெரிந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

“என்ன தளவாயி?” என்றார் பூதத்தான்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நல்லாருக்கு” என்று தளவாய் முந்திக்கொண்டார்.

“ஒண்ணுமில்லாம இல்ல” என்றார் அப்பாத்துரை. “நாப்பது தௌ கூடச் சீவிட்டேன். தப்பு என்மேலதான். அன்னைக்கு நீரு கேக்கும்போது முப்பத்திரண்டு இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். இப்ப உள்ள குடைஞ்சு முப்பத்தஞ்சுக்குக் கொண்டாந்துட்டேன். மூணாவதுல செவுரு மெலிசு, அத மனசுல வச்சுக்கிட்டு போல்ட்ட இறுக்கும்.”

பூதத்தான் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். தளவாய் ஹெட்டை மெல்லப் பெஞ்சில் வைத்தார்.

“டைமிங்க கண்ண மூடிட்டு வைக்காதீரும்” என்றார் அப்பாத்துரை. “பைய ஏத்தும். ரோட்டுல ஓட்டிக் கேளும்.”

“சரி வே.”

அப்பாத்துரை ஹெட்டைச் சாக்கில் சுற்றிச் சணலால் கட்டினார். சட்டைப் பையிலிருந்து நான்கு பித்தளைத் தகட்டையும் எடுத்து, “ராக்கருக்கு அடியில” என்று சொல்லித் தளவாயின் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். பிறகு ஹெட்டைத் தூக்கி நீட்டினார். தளவாய் தகடுகளைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.