மார்க்கம் போன அந்திச் சூரியன்

சனிக்கிழமை காலை பத்து மணி. சென் ஜேம்ஸ் ரவுண் என்ற குடியிருப்பில், மாலினியின் பதினேழாம் மாடி வீட்டிலிருந்து ஓர் ஓவியத்தைக் கீழே இறக்கினோம். ஐந்தடி அகலம், பழைய போர்வையால் சுற்றியிருந்தது. லிஃப்டில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, நானும் மாலினியும் சுவரோடு ஒட்டி நின்றோம்.

மாலினி என் பள்ளித் தோழி. நான் லண்டனிலிருந்து அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுக்கு வாரத்தில் ஐந்து நாள் மிசிசாகாவில் அலுவலக வேலை. மிச்ச நேரமெல்லாம் ஒன்ராறியோ ஏரி. புயல், மூடுபனி, பென்னம்பெரிய வானம், அதன்கீழ் கடுகளவில் ஒரு மனிதன் என்று வரைந்து தள்ளுவாள். இயற்கையைக் கண்டு உருகிய பழைய ஐரோப்பிய ஓவியர்களின் ரொமான்ரிக் பாணி. அகதியாக வந்த முதல் குளிர்காலத்தில் ஏரியைப் பார்க்கத் தொடங்கியவள், இன்னும் பார்த்து முடிக்கவில்லை. படங்களெல்லாம் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. ஒன்றுகூட இன்னொருவர் சுவரில் ஏறியதில்லை. இன்று அவளுடைய தம்பி குகனின் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். வரவேற்பறைக்கு ஒரு படம் வேண்டுமென்று அவனே கேட்டிருந்தான். முதல்நாளே சேலையை அயன் பண்ணி வைத்துவிட்டாள், பாவம்.

குகனின் வீடிருக்கும் மார்க்கம் நகருக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். வாடகை வானுக்கு எழுபது டொலர். சாரதி நம்மவர்.

“உதுக்குள்ள என்ன அக்கா, ரீவியோ?”

“இல்லை, சூரியன்,” என்றாள் மாலினி.

குகனின் வீட்டில் போர்வையை அவிழ்த்ததும் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஸ்காபரோவின் செங்குத்துப் பாறைகள், கீழே பனி படிந்த ஏரி, அதன் விளிம்பில் சிவந்த சூரியன். குகனின் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனார்.

“நல்ல வடிவா இருக்குது பிள்ளை. உது உதிக்கிற சூரியனோ, மறையிற சூரியனோ?”

குடிபுகும் வீட்டில் அஸ்தமனத்தை மாட்டுவார்களா? அபசகுனம் என்பார்கள்.

“விடியக்காலமை, அன்ரி!” என்று முந்திக்கொண்டேன்.

மாலினி என்னை முறைத்தாள். “இல்லை அன்ரி, அது பின்னேரம். அந்த வெளிச்சத்துக்காக மார்கழி முழுக்கக் குளிருக்க நிண்டனான். அதைக் காலமை எண்டு சொல்லமாட்டன்.”

குகன் தரையைப் பார்த்தான். “அப்ப கீழ பேஸ்மென்றில வைப்பம், அக்கா. அங்க நிறைய இடமிருக்கு.”

மாலினி போர்வையை எடுத்தாள். ஒரு சின்னப் பொய்க்கு வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமே என்று அவள்மீது கோபமும் வந்தது, அதைவிடப் பெருமையும் வந்தது.

மாமியார் மட்டும் படத்தைவிட்டு நகரவில்லை. “மறையிற சூரியனெண்டால் மறையிற பக்கத்தில மாட்டுங்கோவன். மேற்குச் சுவர் எது?”

மேற்குச் சுவரில் குகனின் புத்தம்புது டிவி, ஆளுயரத்துக்கு.

“மாமி…” என்று இழுத்தான்.

“பேஸ்மென்றில நிறைய இடமிருக்கெண்டு நீங்கள்தானே தம்பி சொன்னியள்?”

டிவியை இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். மாலினி பாற்சோற்றுக் கோப்பையோடு படத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். சாப்பிடவேயில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

லண்டனுக்குத் திரும்பிய அன்றே திசை பார்த்தேன். எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் தொங்கியது எங்கள் கல்யாணப் படம். கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். மாலினியின் படமொன்றுக்காக ஆணி அப்படியே இருக்கிறது. அவரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.