ஷேன் வாங்கிக் கொடுத்த கார்

பிரேக் உறைந்துவிட்டது என்றுதான் கிளெண்டா ஹார்கிரீவ்ஸ் முதலில் நினைத்தாள். நவம்பர் மாதம், பொழுது இன்னும் சரியாக விடியவில்லை, பர்ன்லியின் ஆல்மா தெரு முழுக்க ஒரே ஈரம். காரைக் கிளப்பினால் ஓர் அங்குலம் முன்னே போய் முக்கிக்கொண்டு நின்றது. மறுபடி கிளப்பினாள், மறுபடி முக்கியது. மூன்றாம் முறை ஏதோ கருகிய வாடை வந்ததும் பயந்து அணைத்துவிட்டாள்.

இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்தில் மஞ்சள் நிறத்தில் முறம் அகலத்துக்கு ஓர் இரும்பு மாட்டியிருந்தது. சாலை வேலைக்காரர்களின் சாமானைப் பிள்ளைகள் யாரோ கொண்டுவந்து செருகிவிட்டார்கள் என்று நினைத்து அதைக் காலால் உதைத்தாள். கால்தான் வலித்தது. பிறகுதான் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. கைப்பேசி வெளிச்சத்தில் படித்தாள். வாகனம் ஜப்தி செய்யப்பட்டிருக்கிறதாம். பாக்கி வைத்திருப்பவர், திரு. ஷேன் ஹார்கிரீவ்ஸ்.

கார் அவளுடையது, தாளில் இருந்த பெயர் மகனுடையது. மகனோ இந்த வீட்டை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது, பிளாக்பர்னில் யாரோ ஒரு பெண்ணோடு குடியிருக்கிறான். இன்னொரு முறை படித்தும் ஒன்றும் விளங்கவில்லை.

கிளெண்டாவுக்கு இப்படி விளங்காமல் போவது புதிதல்ல. பள்ளிப் படிப்பு முடிந்ததும் செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கேட்டில் சங்கிலி தொங்கியது. புருஷன் டிரெவர் மீன் பிடிக்க என்று ஃபிளீட்வுட் போனவன், தங்கிய விடுதியின் சொந்தக்காரியோடு அங்கேயே தங்கிவிட்டான். வீட்டிலேயே விட்டுப்போன தூண்டிலை மட்டும் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டான். அது ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் திகைத்து நின்றுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். இப்போது அவள் வேலை, மலைமேல் தனியாகக் கிடக்கும் வயசாளிகளைக் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, கஞ்சி வைத்து, மாத்திரை கொடுப்பது. கார் இல்லையென்றால் அந்த வேலை இல்லை.

எதிர்ச்சாரியில் நின்ற வெள்ளை வேனிலிருந்து மொட்டைத்தலை ஆள் ஒருவர் இறங்கி வந்தார். நெஞ்சில் ஒரு சின்ன கேமரா, கழுத்தில் அட்டை. அட்டையில் நைஜல் என்று இருந்தது.

"குட் மார்னிங் மேடம். மிஸஸ் ஹார்கிரீவ்ஸ்தானே?"

"இத நீங்களா மாட்டுனீங்க?"

"ஆமாங்க மேடம்."

"வண்டி மாறிப் போச்சு உங்களுக்கு."

"எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்வாங்க." அவர் குரலில் கிண்டல் இல்லை, அலுப்புதான் இருந்தது. ஷேன் முன்பு ஒரு வேன் வைத்திருந்தான். அதை மான்செஸ்டரில் நிறுத்தக் கூடாத இடத்தில் எல்லாம் நிறுத்தினான், அபராதம் கட்டவில்லை. அபராதம் கோர்ட்டுக்குப் போய், கோர்ட்டிலிருந்து நைஜலின் கம்பெனிக்கு வந்து, குட்டி போட்டுப் பெருத்துவிட்டது. வேனை விற்றுவிட்டான். அவன் கொடுத்திருந்த விலாசம் ஆல்மா தெரு.

"இதே வீட்டுக்கு எத்தனையோ லெட்டர் போட்டோமே மேடம்."

"அதெல்லாம் அவன் பேருக்கு வந்தது. நான் பிரிக்கல."

"ஏங்க?"

"அடுத்தவங்க லெட்டர எப்படிங்க பிரிக்கிறது?"

 நைஜலின் அம்மாவும் அதையேதான் சொல்லியிருப்பாள். கிளெண்டா அந்தக் கடிதங்களைக் கடிகாரத்துக்குப் பின்னால் அடுக்கி வைப்பாள். ஷேன் வரும்போது எடுத்து மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொள்வான். அதற்குமேல் அவை எங்கே போயின என்பது குப்பை லாரிக்காரர்களுக்குத்தான் வெளிச்சம்.

"வண்டி என்னுதுங்க" என்று உள்ளே போய்த் தன் பெயரில் இருந்த பதிவுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். நைஜல் அதன் தலைப்பில் விரலை வைத்தார். இந்தத் தாள் வண்டியின் உரிமைக்குச் சான்று ஆகாது என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

"பின்ன எதுக்கு இத பத்திரமா வச்சுக்கச் சொல்றாங்க?"

"அது எனக்கும் தெரியல மேடம். இன்சூரன்ஸ்ல வேற உங்க மகன் பேரும் இருக்கு."

"என்னிக்காவது எனக்கு ஒடம்பு சரியில்லன்னா அவன் ஓட்டட்டுமேன்னு சேத்தேன்."

"இருக்கலாம். வாங்கின ரசீது எதாச்சும் இருக்கா?"

இருந்தது, சமையலறை இழுப்பறையிலேயே இருந்தது. எடுக்கத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

டோரீன் ஆஷ்வொர்த் இரவு அங்கியோடு, கையில் டீக் கோப்பையோடு வாசலில் நின்றாள். எழுபதைத் தாண்டியவள். ஆல்மா தெருவில் ஒரு பூனை குட்டி போட்டாலும் முதலில் அவளுக்குத்தான் தெரியும்.

"என்ன கண்ணு? யாரு இந்த ஆளு?"

"ஒண்ணுமில்ல டோரீன். ஷேனோட பழைய பார்க்கிங் அபராதமாம்."

"இதுக்குப் போய் வண்டியப் பூட்டுவானா? மான்செஸ்டர்ல வண்டி நிறுத்துன எவனுக்கு அபராதம் விழல?" என்று சொல்லிக்கொண்டே டோரீன் நைஜல் பக்கம் திரும்பினாள். "தம்பி, இது யாரு வண்டி தெரியுமா? அந்தப் பையன் அவன் அம்மாவுக்கு வாங்கிக் குடுத்தது. சொந்தக் காசுல. உன் அம்மாவுக்கு நீ என்ன வாங்கிக் குடுத்தே?"

நைஜலின் பேனா நின்றது. "மகன் வாங்கிக் குடுத்ததா?"

உள்ளே போகத் திரும்பிய கிளெண்டா அங்கேயே நின்றுவிட்டாள்.

ஏனென்றால் ஷேன் அவளுக்குக் கார் வாங்கிக் கொடுக்கவில்லை. கார் என்ன, ஒரு கைக்குட்டைகூட வாங்கிக் கொடுத்ததில்லை. எல்லாம் அவளே வாய்விட்டது. கோடையில் இந்தக் காரை ஓட்டிவந்து வாசலில் நிறுத்திய அன்று, "யாருதுடி இது?" என்று டோரீன் கேட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் இதே டோரீன் ஷேனைப் பற்றி, "எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டான் உன் மகன்" என்று சொல்லியிருந்தாள். அது கிளெண்டாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. உண்மைதானே என்பதால் இன்னும் ஆழமாகக் கிடந்தது. வயசாளிகளைத் தூக்கிக் குளிப்பாட்டிச் சேர்த்த காசில் வாங்கிய கார் அது. என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தவள், "ஷேன் வாங்கிக் குடுத்தான்" என்று சொல்லிவிட்டாள்.

சும்மா ஒரு வாய்ச்சொல். ஆனால் டோரீன் அதைக் கறிக்கடையில் சொன்னாள். கறிக்கடைக்காரர் மதுக்கடையில் சொன்னார். ஷேன் அடுத்த முறை வந்தபோது எவரோ முதுகில் தட்டிக்கொடுத்து ஒரு கோப்பை பீர் வாங்கிக் கொடுத்தார். அவன் மறுக்கவில்லை. அம்மாவிடம் எதுவும் கேட்கவும் இல்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. வருஷத்துக்கு நாலைந்து முறை தலைகாட்டியவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வர ஆரம்பித்தான். டோரீன் அவனுக்கென்று கேக் எடுத்து வைப்பாள். தெருமுனையிலிருந்து நிமிர்ந்து நடந்து வருவான். வறுத்த கறி தின்றுவிட்டு, சொல்லாமலே பாத்திரம் துலக்கிக் கவிழ்த்துவிட்டுப் போவான். இந்த ஒரு தெருவில்தான் அவன் நல்ல பிள்ளை. அதற்காகத்தான் வருகிறான் என்று கிளெண்டாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கறி வாங்கி வைத்தாள்.

இப்போது இழுப்பறையில் இருக்கும் அந்தத் தாளை டோரீன் முன்னால் நீட்டினால் கார் மீளும். ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

"அவரையே கேட்டுடலாம்" என்று நைஜல் தன்னிடமிருந்த ஷேனின் எண்ணை அழுத்திக் கைப்பேசியை எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தார். நெஞ்சுக் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நெடுநேரம் மணி அடித்த பிறகு தூக்கம் கலையாத குரல் வந்தது. நைஜல் தான் யாரென்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

"உங்க அம்மா ஓட்டுற கார் நீங்க வாங்கிக் குடுத்ததா சார்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ஷேன், நான் டோரீன் பேசறேன்" என்று டோரீன் கைப்பேசியை நோக்கிக் கத்தினாள். "இந்த ஆளுக்கு ஒறைக்கிற மாதிரி சொல்லுப்பா."



"ஆமா" என்றான் ஷேன். "நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

கிளெண்டாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பொய் சொல்கிறானே, காரைத் தூக்கிக் கொடுக்கிறானே என்று பதறியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு வந்தது சந்தோஷம். மகன் குரலில் அந்த வார்த்தையைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. பூட்டிய காரின் பக்கத்தில் நின்றுகொண்டு இப்படிச் சந்தோஷப்படும் தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்றும் பயமாக இருந்தது.

"காசு அவரோடதுன்னா வண்டியும் அவரோடதுன்னுதான் மேடம் நான் எடுத்துக்கணும்" என்றார் நைஜல். "இல்லன்னு நீங்கதான் காட்டணும்."

"உள்ள வாங்க" என்றாள் கிளெண்டா. "டீ போடறேன்."

 வசூலுக்கு வருகிறவனை வீட்டுக்குள் விட்டால் வீட்டுச் சாமானையும் ஜப்தி செய்துவிடுவான், விடக் கூடாது என்று அந்த ஊரில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். "என்னைய யாரும் உள்ள கூப்பிட மாட்டாங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே நைஜல் காலணியைத் துடைத்துவிட்டு வந்தார்.

சமையலறைக் கதவைச் சாத்தி, கெட்டிலைப் போட்டுவிட்டு, இழுப்பறையைத் திறந்து ரசீதை அவர் முன் வைத்தாள். விற்ற ஆள் கையால் எழுதியது. திருமதி கி. ஹார்கிரீவ்ஸிடமிருந்து முழுத்தொகை ரொக்கமாகப் பெற்றேன் என்று இருந்தது.

நைஜல் படித்தார். திருப்பிப் பார்த்தார். அவரும் குழம்பிப் போனார். "பின்ன ஏன் மேடம் இத வெளியில காட்டல?"

கிளெண்டா கோப்பையில் பால் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்ததில் டீ வெளுத்துவிட்டது. "வெளியில காட்டாம நீங்களே பாத்துட்டுக் கழட்ட முடியாதா?"

"இந்தத் தாள் மட்டும் இருந்தா முடிஞ்சிருக்கும்." நெஞ்சுக் கேமராவைத் தொட்டுக் காட்டினார். "அவர் சொன்னதும் இதுல ஏறிடுச்சே. தாள் ஒண்ணு சொல்லுது, அவர் ஒண்ணு சொல்றார். ஆபீஸ்ல இத வச்சுக்கிட்டு வாரக்கணக்குல இழுப்பாங்க, அதுவரைக்கும் பூட்டு கெடக்கும். ஒண்ணு பண்ணுங்க. இப்பவே அவரக் கூப்பிடுங்க. வண்டிய நான் வாங்கிக் குடுக்கலன்னு அவர் வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். டீயக் குடிச்சுட்டு நானே கழட்டிட்டுப் போயிடறேன்."

கைப்பேசியை எடுத்தாள். ஷேன் பெயர் மேலேயே இருந்தது. தொட்டால் போதும். தொட்டு என்ன சொல்வது? உன் அம்மாவுக்கு நீ ஒன்றுமே வாங்கிக் கொடுத்ததில்லை என்று இந்த அந்நியரிடம் சொல்லப்பா என்றா? சொல்லுவான். அம்மா கேட்டால் சொல்லிவிடுவான். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு இந்தத் தெருவில் நடந்து வருவான்?

அதற்குள் கைப்பேசியே அடித்தது. வேலை கொடுக்கும் ஏஜென்சிதான். மலைமேல் இருக்கும் விட்டம் என்ற தாத்தாவை இன்னும் எழுப்பவில்லை, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "கிளம்பிட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

"எவ்வளவு வருது?" என்று நைஜலைக் கேட்டாள்.

"இது உங்க கடன் இல்ல மேடம். அதச் சொல்லணும், சொல்லிட்டேன்."

"தெரியுது. எவ்வளவு?"

அறுநூற்றுப் பதினெட்டு பவுண்டு. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் போன குளிர்காலமே சாகக் கிடந்தது, அதை மாற்ற வைத்திருந்த பணத்தில் முக்கால்வாசி. வங்கி அட்டையை நீட்டினாள். நைஜல் காட்டிய மெஷினில் எண்ணை அழுத்தினாள். ஒரே காரை இரண்டாம் முறை வாங்குகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. நைஜல் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார், கோப்பையைத் தொட்டியில் வைத்தார், வெளியே போனார்.

பூட்டைக் கழற்றும் வரை டோரீன் நகரவில்லை. வேன் தெருமுனை திரும்பியதும் கேட்டாள். "எப்படிடி விட்டான்?"

"ஷேன் கட்டிட்டான்."

"போன்லயேவா?"

"போன்லயே."

"பாத்தியா. நான் அன்னிக்கே சொன்னேன்ல அவன் தங்கம்னு" என்றாள் டோரீன். அவள் அப்படி எதுவும் சொன்னதில்லை.

விட்டம் தாத்தா வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது ஷேன் கூப்பிட்டான். உள்ளே கிழவர் படுத்தபடியே தனியாகத் திட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. கிளெண்டா காரிலேயே உட்கார்ந்து எடுத்தாள்.

"அம்மா, வண்டிய விட்டானா?"

"விட்டுட்டான்."

"எப்படி? நான் வேற..." என்று இழுத்து நிறுத்தினான்.

இந்தப் பேச்சை அவர்கள் இருவரும் இதுவரை தொட்டதே இல்லை. தொடாமலே போய்விடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"நீ பணம் கட்டிட்டே" என்றாள் கிளெண்டா. "டோரீன்கிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

 வைத்துவிட்டானோ என்று கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை. மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"எவ்வளவும்மா கட்டினேன்?" என்றான் ஷேன்.

திருப்பித் தருவதற்காகக் கேட்கிறானா, யாராவது விசாரித்தால் சொல்வதற்காகக் கேட்கிறானா என்று கிளெண்டாவுக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். பிறகு தொகையைச் சொன்னாள்.