வேலியடியில் ஒரு சாண் நரம்பு

என் மனைவி பச்சையம்மாள் காலையில் எழுந்ததும், முகம் கழுவுவதற்கு முன்னாலேயே வேலியோரம் போய் நின்றுவிடுவாள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டு வயல் தள்ளி இருக்கிறது எங்கள் மேய்ச்சல் நிலம். ஒன்றரை ஏக்கர். சுற்றிலும் கல்லுக்கால் நட்டு, நாலு வரிசை கம்பி இழுத்து, சோலார் பெட்டியிலிருந்து கரண்ட் விட்டிருக்கிறோம். தொட்ட மாட்டுக்குச் சுருக்கென்று ஒன்று விழும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. பெட்டி நொடிக்கு ஒருமுறை டிக், டிக் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்கத்தான் அவள் போவாள். மலை உச்சி மேகத்துக்குள் இருக்கும். பாதையில் வெறுங்காலோடு நடக்கிறவர்களின் குரல் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள்ளேயே போகும். அவள் கண்ணை மூடி நின்றிருப்பாள். கறவை நேரம் தாண்டிக்கொண்டிருக்கும்.

"இன்னா பண்ற அங்க? தூங்குறியா?" என்று நான் கத்துவேன்.

"கேட்டுனு இருக்கேங்க" என்பாள், கண்ணைத் திறக்காமலே.

நான் அவசரக்காரன். என் பெயர் தசரதன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு மரத்தடியில் மேசை போட்டு இருபத்திரண்டு வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை ஜனங்கள் குறை சொல்ல வரும் நாளில் எனக்குத் தண்ணீர் குடிக்க நேரமிருக்காது. ஒருவர் வாயைத் திறந்ததுமே அது பட்டா விவகாரமா, பென்ஷனா, பாதைத் தகராறா என்று எனக்குத் தெரிந்துவிடும். பாதிப் பேரை முழுக்கப் பேசவிடுவதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

பச்சையம்மாள் இதற்கு நேரெதிர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை போடும் குடும்பம் அவளுடையது. கல்யாணமான புதிதில் அவள் அக்கா என்னிடம் சொன்னாள், எல்லாரும் ஒரு முறம் கடலை உரிக்கிற நேரத்தில் இவள் ஒரு கடலையை உரித்து அதற்குள் இருக்கிற இரண்டு பருப்பும் ஏன் ஒரே அளவில் இல்லை என்று பார்த்துக்கொண்டிருப்பாளாம். இன்றைக்கும் அப்படித்தான். அவளுக்கு ஒரு கேள்வி வந்துவிட்டால் சோறு பொங்கி வழிந்தாலும் தெரியாது. மகள் இனியா சென்னையிலிருந்து போன் பண்ணி, "அம்மா இன்னா பண்றாங்கப்பா?" என்று கேட்டால், "இருக்கிறா, ஆனா இங்க இல்ல" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

போனதற்கு முந்தின வருடம் கார்த்திகை தீபத்தன்று செவலை வெளியே போய்விட்டது. செவலை எங்கள் வீட்டின் முதல் பசு. அந்த வருடம் பச்சையம்மாளுக்கு இடது தோள் இறுகிப்போய், கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. குனிந்து அரிவாள் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழையில் வேலியடிப் புல் இடுப்பளவு எழும்பி, அடிக்கம்பியில் சாய்ந்தது. ஈரப்புல் கம்பியைத் தொட்டால் கரண்ட் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும், பெட்டியின் சத்தமும் சன்னமாகிவிடும். மாட்டுக்கும் அது தெரியும். செவலை கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டு, முட்டித் தள்ளி, பாதையில் போகும் லட்சம் பேரோடு தானும் நடக்கத் தொடங்கிவிட்டது. ஏழு கிலோமீட்டர் தள்ளி அதைக் கண்டுபிடித்தபோது, அன்னதானச் சாப்பாடு ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கவர்களை மென்றுகொண்டு நின்றது. பன்னிரண்டு நாளில் செத்துப்போனது. கால்நடை டாக்டர் வயிற்றைக் கிழித்து எடுத்ததைப் பச்சையம்மாள் பக்கத்திலேயே நின்று கடைசிவரை பார்த்தாள். நான் பாதியிலேயே வந்துவிட்டேன்.

செவலையின் கன்று சிட்டு அடுத்த வருடம் தலைச்சூல் கொண்டது. வேலியடி சுத்தமாக இருக்க வேண்டும், சிட்டு நல்லபடியாகக் கன்று போட வேண்டும். அந்த வருடம் முழுக்க அவள் நினைத்ததெல்லாம் இந்த ஒன்றுதான். அதற்கு ஒரு சாமான் வாங்க வேண்டியிருந்தது. எந்தச் சாமான் என்று முடிவு பண்ண அவளுக்கு எட்டு மாதம் போதவில்லை.

களைக்கொல்லி அடித்துவிடலாம் என்றேன். "அத சிட்டு தின்னுமே" என்றாள். பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி மிஷின் என்றேன். எடை ஜாஸ்தி, அந்தச் சத்தத்தில் பெட்டியின் டிக் டிக் காதில் விழாது என்றாள். கடைசியில் பேட்டரி மிஷின்தான் என்று ஆயிற்று. அதிலும் முனையில் இரும்புத் தகடு மாட்டலாம், நைலான் நரம்பு மாட்டலாம். தகடு கல்லுக்காலில் பட்டால் தெறிக்கும், கம்பியில் பட்டால் அறுக்கும். நரம்பு கல்லில் பட்டாலும் கம்பியில் பட்டாலும் ஒன்றும் செய்யாது, புல்லை மட்டும் சீவிக்கொண்டு போகும். எனக்கு அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது.

கீழ்பென்னாத்தூரில் விவசாய மிஷின் கடை வைத்திருக்கும் வல்லரசு அதை ஓட்டிக் காட்டினான். ஆரஞ்சு நிற நரம்பு காற்றில் வட்டமாகி மறைந்தது. கடைக்குப் பின்னால் இருந்த கோரை எல்லாம் ஒரே மூச்சில் படுத்தது. பச்சையம்மாள் கிட்டே போய் நரம்பின் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். நுனி சிலும்பியிருந்தது.

"இது தேஞ்சினே போவுமா?"

"ஆமாக்கா. தேயத் தேய உள்ளருந்து இழுத்து வுட்டுக்கலாம்."

"தேஞ்சது எங்க போவும்?"

வல்லரசு யோசித்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான், "காத்துல போவும். வா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றேன். அவள் வந்துவிட்டாள். பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எப்போதும் போலத்தான் என்று நினைத்தேன்.

ஆயுத பூசை வந்தது. நான் மட்டும் போய் அந்த மிஷினை வாங்கி வந்தேன். வீட்டுக்குள் கொண்டுபோவதற்கு முன்பே வாசலில் வைத்து சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, பூச்சரம் சுற்றி, எலுமிச்சை நசுக்கி, கற்பூரம் காட்டி முடித்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"நல்லாகீதுங்க" என்றாள்.

அப்புறம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் கனவு மாதிரி இருந்தன. முந்தின நாளே அவள் நாலு முழம் நரம்பு அளந்து உருளையில் சுற்றி வைத்திருப்பாள். விடிந்ததும் நான் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவேன். கொழுக்கட்டைப் புல்லின் கதிரெல்லாம் பனித்துளியோடு நிற்கும். நரம்பு பட்டதும் பச்சை வாசனை ஒன்று எழுந்து முகத்தில் பரவும். மலை எனக்கு இடப்பக்கம் இருக்கும், மூலை திரும்பியதும் முதுகுக்குப் போகும், அடுத்த மூலையில் வலப்பக்கம் வரும். வேலிக்குள்ளேயே நானும் ஒரு கிரிவலம் முடிப்பேன். வெட்டி முடித்து நின்றால் பெட்டியின் சத்தம் கணீரென்று கேட்கும். சந்தோஷமாக இருக்கும்.

அவள் பின்னாலேயே வருவாள். தலை குனிந்து, ஒவ்வொரு அடியாக, ஒரு கால் எடுத்து வைக்க மறுகால் அனுமதி கேட்கிற மாதிரி. நான் நிலத்தைச் சுற்றி முடிக்கும்போது அவள் முதல் மூலையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள்.

"இன்னா, புதையல் தேடுறியா?" என்று கிண்டல் பண்ணுவேன்.

"ஆமாங்க" என்பாள்.

இப்படி ஆறு ஞாயிறு. ஆறாவது ஞாயிறு முடிந்து ஐந்து நாளாகச் சிட்டுவை அவள் அவிழ்த்து விடவில்லை. கொட்டகையிலேயே கட்டி வைக்கோல் போட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி மாதிரி நிற்கும் மாட்டுக்குக் காய்ந்த வைக்கோல், வெளியே பச்சைப்புல் வீணாகச் சாய்கிறது, உனக்குப் புத்தி கித்தி இருக்கிறதா என்று கத்தினேன். "ரெண்டு நாள் போவட்டுங்க" என்றாள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் சட்டைப் பொத்தான் அறுந்துபோய், ஊசி தேடி அலமாரியைக் குடைந்தேன். பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. உள்ளே ஊசி இல்லை. நான் கிறுக்கிக் கெடுத்துப் போட்ட மனுத் தாள்களை நுனியோடு நுனி ஒட்டி, நீளமான பட்டையாக மடித்து வைத்திருந்தாள். ஒரு பக்கம் 'உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு' என்று என் கையெழுத்து. திருப்பினால் பென்சிலால் இழுத்த ஆறு கோடுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதி. கோட்டின் மேல் நகத்தளவு, அரை விரலளவு என்று ஆரஞ்சுத் துணுக்குகள், சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டியவை.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் சுற்றிக் கொடுத்த நாலு முழத்தில் எவ்வளவு தேய்ந்ததோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு கோடு. புல்லுக்குள் தேடி எடுத்ததையெல்லாம் அதன் மேல் வரிசையாக ஒட்டி, எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்திருக்கிறாள். முதல் ஐந்து கோடுகளும் கிட்டத்தட்ட நிறைந்திருந்தன. ஆறாவது கோட்டின் கடைசியில் ஒரு சாண் வெறுமையாக இருந்தது. அந்த ஒரு சாண் நரம்பு இன்னும் வேலியடிப் புல்லில்தான் கிடந்தது. சிட்டு அவிழ்க்கப்படாமல் நின்றது அதற்காகத்தான்.

பட்டையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அவள் சிட்டுவின் கழுத்தடியைச் சொரிந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

அவள் பட்டையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "பொட்டு வச்சிட்டீங்களே. பூசை போட்ட சாமானப் போய்த் திருப்பிக் குடுன்னு எப்பிடிச் சொல்றது? ஆசையா வேற தூக்கினு வந்தீங்க."

"அதுக்காக? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"கடையிலயே கேட்டேனே" என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

வைக்கோல் போரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. இருபத்திரண்டு வருடமாக ஊரார் குறையை வாங்கி எழுதுகிறவன். என் வீட்டு மனு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற காரணத்தால் ஒரு நொடியில் தள்ளுபடியாகியிருக்கிறது. தள்ளுபடி செய்தவனும் நானேதான். கெடுத்துப் போட்ட தாளின் பின்பக்கத்தில் அவள் அதைப் பொறுமையாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மறுநாளிலிருந்து மூன்று விடியல், இரண்டு பேரும் மண்டிபோட்டு வேலியடியில் தேடினோம். அவ்வளவு கிட்டே புல்லை நான் பார்த்ததே இல்லை. வெட்டுப்பட்ட நுனிக்குக் கீழிருந்து புதுத்தளிர், அதன் மேல் எறும்பு, எறும்பின் மேல் பனி. நேரம் போனதே தெரியவில்லை. ஒரு துணுக்கு கிடைத்ததும் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன். மூன்றாம் நாள் கோட்டில் இன்னும் இரண்டு விரல்கடை மிச்சமிருந்தது. அதற்கு மேல் கிடைக்கவில்லை. பொடியாகிப்போயிருக்கும் என்றேன். அவள் இன்னொரு முறை புல்லை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வல்லரசின் கடைக்குப் போனேன். இந்த முறை அவனை முழுக்கப் பேசவிட்டேன். கத்தரி மாதிரி வாய் வைத்த இரண்டு வட்டத் தகடுகள் எதிரும் புதிருமாக அசையும் முனை ஒன்று இருக்கிறதாம். மெதுவாகத்தான் வெட்டும். கல்லைத் தொட்டால் தெறிக்காது, உதிர்ந்து விழவும் ஒன்றும் கிடையாது. என் மிஷினிலேயே மாட்டிக்கொள்ளலாமாம்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா?"

"அக்கா கேட்டப்ப அதத்தான் சார் சொல்ல வந்தேன்" என்றான். "நீங்க பதில் சொல்லிட்டீங்க."

நரம்பு உருளையைக் கழற்றி அந்த முனையை மாட்டினேன். மிஷினில் வைத்த பொட்டு அழியாமல் அப்படியே இருந்தது. மெதுவாகப் போகிற சாமான் என்பதால் பச்சையம்மாளே வலது தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுகிறாள். சிட்டு தை மாதம் ஒரு கிடாரிக் கன்று போட்டது. நெற்றியில் வெள்ளை, மற்றபடி பாட்டி செவலையின் அதே நிறம். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருவரும் ஒருநாள் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முன்னால் போகிறாள். கத்தரி வாய் சரக் சரக்கென்று புல்லைக் கடித்துக்கொண்டே போகும். நான் பின்னால் ஒவ்வொரு அடியாக வைத்து, தலை குனிந்து வருகிறேன். போன வாரம் மூலையில் அவள் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க, புதையல் தேடுறீங்களா?"

"ஆமா. இன்னும் ரெண்டு விரக்கடை கெடைக்கணும்" என்றேன்.

அவள் மிஷினைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினாள்.