இரவல் பிள்ளைகள்

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு அரசாங்கப் பணம் தலைக் கணக்கில் வந்தது. தலை குறைந்தால் பணம் குறையும். பணம் குறைந்தால் வாத்தியார் குறைவார். வாத்தியார் குறைந்ததும், அங்கே என்ன படிப்பு இருக்கிறது என்று சொல்லி இன்னும் நாலு பேர் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு மாற்றுவார்கள். மறுபடியும் தலை குறையும். மலாக்காவில், எங்கள் காஜா பேராங்கில் இருந்த தமிழர்கள் இப்படியே சுற்றிச் சுற்றி வந்தார்கள். இத்தனை வயதுக்குப் பிறகு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

அது மெர்டேக்காவுக்கு, மலாயா சுதந்திரம் வாங்கியதற்கு, முந்தைய ஆண்டு. நான் இரண்டாம் வகுப்பு, அக்கா ஆறாம் வகுப்பு. அப்பா ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணியாகக் கணக்கு எழுதினார். பள்ளி வாரியத்துக்கும் அவரே செயலாளர். சாயங்காலமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், பிள்ளைகளைத் தாய்மொழியில் படிக்க வையுங்கள் என்று கெஞ்சுவார். வாரியத்திலிருந்த மற்றப் பெரியவர்களின் பிள்ளைகள் எல்லாரும் இங்கிலீஷ் பள்ளியில் படித்தார்கள். அவர்கள் தீர்மானம் போடுவார்கள், அப்பா சைக்கிள் மிதிப்பார். சுதந்திரம் வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம்.

அக்காவால் அதுவரை காத்திருக்க முடியாது. ஏழாம் வகுப்பு தேறினால் பயிற்சி ஆசிரியையாகச் சேரலாம். அவளுக்கு வேறு ஆசையே இல்லை. கோழிக்கூண்டுக் கதவில் சாக்கட்டியால் எழுதி எனக்குப் பாடம் நடத்துவாள். நான் எழுந்து ஓடிவிட்டால் கோழிகளுக்கு நடத்துவாள். ஆனால் மறு வருடம் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு இருக்குமா என்பதே சந்தேகம். இன்ஸ்பெக்டர் வந்து தலையை எண்ணிவிட்டுத்தான் முடிவு செய்வார். இன்னொரு தமிழ்ப் பள்ளி தூரத்தில் ஒரு தோட்டத்துக்குள் இருந்தது. வளர்ந்த பெண்ணைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப அப்பா சம்மதிக்க மாட்டார். இங்கிலீஷ் பள்ளியில் புதிதாகச் சேர்க்கும் வயதையும் அவள் தாண்டியிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் தெரிந்தபோது, பதிவேட்டில் பெயர்கள் நிறைய இருந்தன, பெஞ்சில் பிள்ளைகள் இல்லை. அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே மலாக்கா செட்டிகளின் வீடுகள். வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்கள் அல்ல, இவர்கள் வேறு. பல தலைமுறைக்கு முன்பே வந்து, பேச்சை மலாய்க்கு விட்டுவிட்டு, கோயிலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டவர்கள். பையன்களைப் பார்த்தால் எங்களைப் போலவே இருப்பார்கள்; நெற்றியில் திருநீறும் இருக்கும். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கப் போகிறார்கள், அதற்குப் பேச்சு எதற்கு என்றார் அப்பா. வீடு வீடாகப் போய், பிள்ளைகளை ஒரு காலைப் பொழுதுக்கு 'பிஞ்சாம்' தரும்படி மலாயில் கேட்டார். இரவல்தான். ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டே, சாப்பாட்டு நேரத்துக்குள் அழுக்காக்காமல் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றாளாம்.

வராத பையன்களின் பெயர்களை அவர்களுக்குப் பங்கிட்டு, 'உள்ளேன் ஐயா' என்ற இரண்டு சொற்களைப் பெரிய வாத்தியார் உருப்போட வைத்தார். கூலி ஆளுக்கு ஓர் ஐஸ் போல். சீவின ஐஸை உருட்டிச் சிவப்புச் சர்பத் ஊற்றித் தருவார்களே, அது.

இன்ஸ்பெக்டரும் தமிழர்தான்; ஒல்லியாக, டை கட்டியிருந்தார். பெயர்கள் கூப்பிடப்பட்டன, 'உள்ளேன் ஐயா' என்று கணீரென்று பதில்கள் வந்தன. அப்பா வாசல் ஓரத்தில் நின்று மூச்சு விட்டார். அதன் பிறகு அந்த மனிதர் என் பக்கத்தில் இருந்த இரவல் பையனிடம் குனிந்தார்.

"தம்பி, ஒங்க வீடு எங்க?"

"உள்ளேன் ஐயா."

"அப்பா என்னா வேலை செய்றாரு?"

"உள்ளேன் ஐயா."

வகுப்பு சிரித்தது. பெரிய வாத்தியார் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். இன்ஸ்பெக்டர் அப்பாவை ஒரு தரம் பார்த்தார். "பையன் ரொம்ப நல்லாவே உள்ளான் லா," என்று சொல்லிப் பதிவேட்டை மூடினார். அது அவர் காட்டிய கருணை என்று இன்று எனக்குத் தெரிகிறது.

அன்று என் மனம் முழுக்க அந்த ஐஸ் போல் மேல்தான். மழையோ வெயிலோ தினமும் வந்த எனக்கு யாரும் எதுவும் வாங்கித் தந்ததில்லை. நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, இவங்களுக்கு மட்டும் ஐஸ் போல் வாங்கித் தராங்க. நாங்கதான் தினமும் வர்றோம்."

"இவங்க தினமும் வர்றதில்லையா?"

"இல்லீங்க ஐயா. இன்னைக்கு மட்டும்தான். பிஞ்சாம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வெளியே போய் இன்ஸ்பெக்டர் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் பேசியது ஜன்னல் வழியே கேட்டது. "கிராணியாரே, நான் பாத்ததைப் பாக்காத மாதிரி போயிருப்பேன். வகுப்பே கேக்கச் சொல்லிட்டானே, இனி நான் என்னா செய்ய?"

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரவல் பிள்ளைகள் எல்லாருக்கும் ஐஸ் போல் வாங்கித் தந்தார். என் பக்கத்திலிருந்தவன், நடந்தது ஒன்றும் புரியாமல், பாதி உறிஞ்சியதை என்னிடம் நீட்டினான். நான் வாங்கித் தின்றேன்.

ஏழாம் வகுப்புக்கு அனுமதி வரவில்லை. ஒரு வாத்தியாரையும் மாற்றிவிட்டார்கள். அப்பா என்னை அடிக்கவில்லை. உண்மையைச் சொன்னதால்தான் விட்டுவிட்டார் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஜனவரியில் என்னை இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தார். அந்த ஏற்பாடு இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்பே முடிந்திருந்தது என்பதைப் பல வருடம் கழித்து அவரே சொன்னார். ஊர்ப் பிள்ளைகளைக் கெஞ்சிக் கூப்பிட்டவர், தன் மகனை எடுத்துவிடப் போவது தெரிந்தே கெஞ்சியிருக்கிறார். அவர் மேல் கோபம், தீர்மானம் போட்டவர்கள் மேல் கோபம், பிள்ளைகளை ஆடு மாடு போல எண்ணிய சட்டத்தின் மேல் கோபம். ஆனாலும் எழுந்து நின்றவன் நான். பின்னாளில் படித்துப் பட்டம் வாங்கினவனும் நானே.

இங்கிலீஷ் பள்ளிக்கு முதல் நாள் புறப்பட்டபோது எனக்குச் சப்பாத்து மாட்டிவிட்டது அக்கா. புதுச் சப்பாத்து கடித்தது. நான் அழுதுகொண்டே, "ஒனக்கு என்னா லா, நீ ஸ்கூலுக்கே போக வேணாம்," என்றேன்.

அவள் கயிற்றை அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்தி மறுபடியும் கட்டினாள். "ஆமா லா தம்பி, எனக்கு லீவு," என்றாள்.

நான் அதை நம்பினேன். அந்த வருடம் முழுக்க, பள்ளிக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையிலும், அவளுக்குக் கிடைத்த அந்த நீண்ட லீவை நினைத்துப் பொறாமைப்பட்டேன்.